லினக்ஸ் முத்துவின் தனி நோட்டு

மதலைமுத்து என்று பெயர் வைத்தது லிங்கராஜபுரத்துச் சர்ச் சாமியார். லினக்ஸ் முத்து என்று பெயர் வைத்தது ஆபீஸ். ரோட்டில் யாராவது "மதலை!" என்று கூப்பிட்டால் இரண்டடி தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்ப்பான். "லினக்ஸ்!" என்றால் அங்கேயே நின்றுவிடுவான்.

அதற்கு நியாயம் இருந்தது. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு டி.வி. ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தவன் அவன். தொண்ணூற்றெட்டில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சும்மா வந்த சிடியைப் போட்டு, நான்கு தடவை மிஷினைக் கெடுத்து, ஐந்தாம் தடவை, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச லினக்ஸை ஓட வைத்தான். கூடப் படித்தவர்கள் விண்டோஸில் என்ன கேட்டாலும் செய்வார்கள், இது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. இஞ்சினியரிங் காலேஜ் வாசலை மிதிக்காத ஒருவனுக்கு இஞ்சினியர்களுக்கே தெரியாத ஒன்று தெரிந்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அந்தச் சந்தோஷம்தான் அவனைத் தூக்கிவிட்டது, பின்னால் கீழே போட்டதும் அதுதான்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவனுக்கு வேலை கொடுத்த கம்பெனி பசவனகுடியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. மொத்தம் எட்டுப் பேர். முதலாளி ஸ்ரீஹர்ஷா, தாத்தா காலத்தில் மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்த குடும்பம். நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவர் செய்தது ஒரே ஒரு சாஃப்ட்வேர். பெயர் 'மாத்து', கன்னடத்தில் பேச்சு என்று அர்த்தம். வாய் பேச முடியாதவர்களுக்கானது. திரையில் சொற்களும் படங்களும் கட்டம் கட்டமாக இருக்கும், ஒரு கட்டத்தை அழுத்தினால் கம்ப்யூட்டர் அந்தச் சொல்லைச் சொல்லும். ஒரு டிரஸ்ட் பின்னால் நின்றதால் கேட்ட குடும்பத்துக்கெல்லாம் அது இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும் என்று டிரஸ்ட் ஆசைப்பட்டது. அதனால் ஒரே சிடியில் இரண்டும் இருக்கும். லினக்ஸ் பாகத்துக்கு முத்து.

தமிழ்க் குரல் உஷாவுடையது. ஆபீஸில் போன் எடுப்பதும், வருகிற புகார்களை நீல நிற ரிஜிஸ்டரில் எழுதுவதும் அவள் வேலை. அல்சூர்க்காரி, கணீரென்ற குரல். பதிவு செய்யவேண்டிய நானூறு சொற்களை முத்துதான் எழுதிக் கொடுத்தான். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் படித்தவள் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"முத்து, உன் லிஸ்ட்ல 'ஏன்' இல்லையேப்பா."

"தண்ணி, சோறு, வலி எல்லாம் இருக்குதே. 'ஏன்' எதுக்கு?"

"இன்னா மேன் நீ! வாய் இல்லைன்னா கேள்வி கூடவா இருக்காது? எழுது, எழுது."

எழுதினான். அவளும் படித்தாள். கேட்கிற மாதிரியும் இல்லாமல், கோபிக்கிற மாதிரியும் இல்லாமல், எல்லாச் சொல்லையும் போல ஒரே சீராக.

அந்த வருஷமே அசோகன் வந்தார். ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, மனைவி கார்மெண்ட்ஸுக்குப் போகிறவள். ஒரே மகள் வீணா, பதினாலு வயசு. பிறவியிலேயே நாக்கும் கைகால்களும் சொன்ன பேச்சைக் கேட்காது. வலது கை முஷ்டியால் பெரிய பட்டனை அழுத்த மட்டும் முடியும். சிடியை வாங்கிக்கொண்டு அசோகன் கேட்டார்.

"கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கப் போறேன் சார். இதுல ரெண்டு இருக்குதுன்றாங்களே, எதைப் போடட்டும்?"

முத்து யோசிக்கவே இல்லை. "லினக்ஸ் போடுங்கண்ணா. திருட்டு சிடி தேவையில்லை, வைரஸ் வராது. நானே வந்து போட்டுக் குடுக்குறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் பஸ் ஏறி ஹெப்பகோடிக்குப் போனான், போட்டும் கொடுத்தான். வீணா வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு முஷ்டியை உயர்த்தி இரண்டு கட்டங்களை அழுத்தினாள். "சோறு. வேணாம்," என்றது உஷாவின் குரல். அசோகன் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பாருங்க சார், பதினாலு வருஷம் கழிச்சு மொதமொதல்ல பேசுறா, அதுவும் வேணாம்னு பேசுறா!" பஸ்ஸில் திரும்பி வரும்போது முத்துவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என் லினக்ஸ் ஒரு பெண்ணைப் பேச வைத்துவிட்டது என்று நினைத்தான். பேச வைத்தது மாத்து என்பதும், அதே சிடியின் மறுபாதியும் பேச வைத்திருக்கும் என்பதும் அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் வீணா வீட்டில் சத்தம் நின்றது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. விண்டோஸுக்கு ஒரு தடவை செய்தால் அனேகமாக எல்லா வீட்டிலும் ஓடும். லினக்ஸ் என்பது ஒரே பெயரில் முப்பது சரக்கு. கோலாரில் ஒருவர் போட்டிருப்பது ஒன்று, ஆனேக்கல் பள்ளிக்கூடத்தில் இருப்பது வேறொன்று. ஒன்றில் இருக்கிற ஃபைல் மற்றதில் வேறு இடத்தில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு புது வெர்ஷன் வரும், வரும்போது பழசை உடைத்துவிட்டு வரும். அதிலும் சத்தம் இருக்கிறதே, அது தெருக்குழாய் மாதிரி. ஒரு புரோகிராம் முதலில் குடத்தை வைத்துவிட்டால் அடுத்தது காய்ந்துபோய் நிற்க வேண்டியதுதான். படம் வரும், கட்டம் மின்னும், குரல் மட்டும் வராது. குரல் வராத மாத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கேதான் முத்து தன் காரியத்தைத் தொடங்கினான். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீஹர்ஷா உஷாவின் நீல ரிஜிஸ்டரைப் புரட்டுவார். அதில் லினக்ஸ் புகார் நிறைய இருந்தால் அந்தப் பாகத்தையே நிறுத்திவிடுவார் என்று முத்துவுக்குப் பயம். நிறுத்தினால் அவன் யார்? விண்டோஸ் பையன்களுக்கு நடுவில் ஒரு டிப்ளமோக்காரன், அவ்வளவுதான். அதனால் லினக்ஸ் போட்ட ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைத்தான்: "எதுவா இருந்தாலும் ஆபீஸுக்குப் பண்ணாதீங்க. என் வீட்டு நம்பருக்குப் பண்ணுங்க. நான் வர்றேன்."

போனான் என்றால் அப்படிப் போனான். கோலார், ஆனேக்கல், அத்திபெலே. ஞாயிறு பூசைக்குப் போகாத நாட்கள் பூசைக்குப் போன நாட்களை மிஞ்சின. அவன் மனைவி ஸ்டெல்லா போனை நீட்டும்போதெல்லாம், "இந்தாங்க, உங்க பங்குச் சாமியாருக்குக்கூட இவ்ளோ போன் வராது" என்பாள். போன வீட்டிலெல்லாம் அங்கே இருக்கிற சரக்குக்கு ஏற்றபடி கையாலேயே ஒரு ஒட்டுப் போட்டு ஓட வைத்துவிட்டு வருவான். ஒரு வீட்டு ஒட்டு இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது. முப்பத்தேழு வீட்டில் முப்பத்தேழு மாத்து. எல்லாவற்றையும் ஒரு தனி நோட்டில் குறித்துவைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவன் ஒரு தோட்டத்தையே மறைத்தான்.

அந்த நோட்டில் ஒரு வரி: 'வீணா, சவுண்ட் இல்லை, 6 நாள், சரி செய்தாச்சு.' அந்த ஆறு நாளில் வீணாவுக்குக் காதுக்குள் சீழ் பிடித்திருந்தது. அழுதாள், தலையை முட்டினாள், எங்கே வலி என்று சொல்லும் வழி வாயடைத்துக் கிடந்தது. வயிற்று வலி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். முத்து போய்ச் சரிசெய்த உடனே அவள் அழுத்திய முதல் சொல் 'காது'. அசோகன் அதற்கும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க வந்தீங்களே சார், அதுவே பெரிசு," என்றார். முத்துவும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். அவனுக்கு அன்று கொஞ்சம் வெட்கம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீஹர்ஷா அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேஜையில் நீல ரிஜிஸ்டர்.

"முத்து, டிரஸ்டுக்கு ரிப்போர்ட் எழுதணும். விண்டோஸ்ல ஆயிரத்து நூறு வீடு, இந்த வருஷம் தொள்ளாயிரம் கால். லினக்ஸ்ல எத்தனை தெரியுமோ? ரெண்டு. வருஷம் பூரா ரெண்டே ரெண்டு கால்."

ஸ்ரீஹர்ஷா ரிஜிஸ்டரை மூடினார்.

"யாருமே யூஸ் பண்ணலைன்னுதானே அர்த்தம்? உங்களைத் தப்பு சொல்லலை. யாருக்கும் வேண்டாததை நாம ஏன் செஞ்சிண்டிருக்கணும்?"

அன்று ராத்திரி முத்துவுக்குத் தூக்கம் இல்லை. காலையில் தனி நோட்டைக் கொண்டுபோய் ஸ்ரீஹர்ஷாவின் முன்னால் வைத்தான். உஷா வாசலில் நின்று வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தவளை தன் வாயால்தான் கெடும், இந்தத் தவளை கையெழுத்தால் கெட்டது.

ஸ்ரீஹர்ஷா ஒரு மணி நேரம் படித்தார். காகிதத்தில் ஏதோ குறித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்தேழு வீடு. நானூற்றுப் பன்னிரண்டு கால். ஒரே வருஷத்துல."

"ஆமா சார். யூஸ் பண்றாங்க சார். யாரும் பண்ணலைன்னு சொன்னீங்களே..."

"முத்து, ஆயிரத்து நூறு வீட்டுக்குத் தொள்ளாயிரம் தடவை ரிப்பேர் ஆறது. முப்பத்தேழு வீட்டுக்கு நானூறு தடவை. நேத்து வரைக்கும் யாரும் இல்லைன்னு நிறுத்தலாம்னு நெனச்சேன். இன்னிக்கு, இருக்கறவாளை இவ்வளவு கஷ்டப்படுத்தறோமேன்னு நிறுத்தணும்னு தோண்றது."

புகார் இல்லை என்றாலும் நிறுத்த வேண்டும், இருக்கிறது என்றாலும் நிறுத்த வேண்டும். முத்து எழுந்து நின்றான். "பத்து நாள் குடுங்க சார். எல்லார்கிட்டயும் லெட்டர் வாங்கிட்டு வர்றேன். லினக்ஸ் வேணும்னு அவங்களே எழுதுவாங்க," என்றான். ஸ்ரீஹர்ஷா சரி என்றார். அவர் எதற்கும் சட்டென்று இல்லை என்று சொல்லமாட்டார். அதனால்தான் அவர் சொல்கிற 'இல்லை' இன்னும் வலிக்கும்.

இருபத்திரண்டு கடிதங்கள் வந்தன. எழுதியவர்கள் நல்லவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். ஒரு மனிதனின் வேலைக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டால் நம் ஜனங்கள் என்ன எழுதுவார்கள்? அதைத்தான் எழுதினார்கள். முத்து சார் தங்கமான மனுஷர். கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். எத்தனை தடவை நின்றாலும் முகம் சுளிக்காமல் சரி பண்ணுவார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அசோகனும் ஃபேக்டரி சூப்பர்வைசரைக் கேட்டு எழுதி அனுப்பியிருந்தார்: 'எங்கள் மகள் பேசுவது முத்து சாரால்தான்.' லினக்ஸ் என்ற சொல் அந்த இருபத்திரண்டில் ஒன்றில்கூட இல்லை.

ஸ்ரீஹர்ஷா எல்லாவற்றையும் படித்துவிட்டு அடுக்கி வைத்தார். "இவாளுக்கு வேண்டியது லினக்ஸ் இல்லை முத்து, நீங்க. நீங்க ஒரு மாசம் ஜுரத்துல படுத்தா இந்த முப்பத்தேழு பேரும் ஊமை. அப்படி ஒரு சாமானை நான் எப்படி ஒருத்தர் கையில குடுக்கறது?"

அடுத்த மாதம் அச்சான சிடியில் ஒரே ஒரு பாகம்தான் இருந்தது. முத்துவை விண்டோஸ் பாகத்தைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் போட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை கட்டங்களை அழுத்தி, குரல் வருகிறதா என்று டிக் அடிக்க வேண்டும். எப்போதும் வந்தது. லினக்ஸ் முத்து என்று கூப்பிடுவதைப் பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்கள்.

பழைய வீடுகளுக்கு மட்டும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தான். "எதையும் மாத்தாதீங்க, புதுசா எதையும் போடாதீங்க," என்று கெஞ்சிவிட்டு வருவான். ஓடுகிறவரை ஓடட்டும் என்றிருந்தான். ஒவ்வொரு வீடாக நின்றது. நின்ற வீட்டிலிருந்து போன் வருவதும் நின்றது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

இரண்டாயிரத்து ஆறு ஆடியில் அசோகன் வீட்டு மிஷின் புகைந்து அணைந்தது. ஹெப்பகோடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மைக்கேல்ராஜ் என்பவன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அவனிடம் புது மிஷின் வாங்கினார்கள். புது மிஷினின் சவுண்ட் கார்டைப் பழைய லினக்ஸுக்குத் தெரியவில்லை. அது தெரிந்த புது லினக்ஸில் பழைய மாத்து ஓடவில்லை. அதைத் திருத்தத் தேவையான சோர்ஸ் கோடு, நிறுத்திய பாகத்தோடு ஆபீஸில் பூட்டிக் கிடந்தது. முத்து முதல் ஞாயிறு போய் மூன்று சிடி போட்டுப் பார்த்தான். இரண்டாம் ஞாயிறு நான்கு. ஒன்றில் கட்டங்கள் வந்தன, மின்னின, சத்தம் மட்டும் இல்லை. வீணாவுக்கு இப்போது பத்தொன்பது வயசு. அவள் முஷ்டியால் அழுத்தினாள், கேட்டாள், மறுபடி அழுத்தினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு முத்துவையே பார்த்தாள்.

"அடுத்த வாரம் கண்டிப்பா பேசும்மா," என்றான் முத்து. பேசாது என்று தெரிந்தேதான் சொன்னான்.

மூன்றாம் ஞாயிறு பையில் இரண்டு புது சிடிகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினான். தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. "தண்ணி. குடு. அப்பா. வா." உஷாவின் குரல், கணீரென்று. முத்து ஓடினான். எப்படியோ பிடித்துக்கொண்டது, என் லினக்ஸ் என்னைக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டே, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே போனான்.

திரையில் விண்டோஸ்.

அசோகன் எழுந்து நின்றார். திருடி மாட்டிக்கொண்டவர் போல முகம். "சார், தப்பா நெனைக்காதீங்க சார். மைக்கேல்ராஜுதான்... நேத்து சும்மா எட்டிப் பார்க்க வந்தாப்புல. அரை மணி நேரத்துல இதைப் போட்டு, அலமாரியில இருந்த நம்ம சிடியையே போட்டாரு. ஒடனே பேசிருச்சு."

"எந்த சிடிண்ணா?"

அசோகன் எடுத்துக் காட்டினார். இரண்டாயிரத்து ஒன்றில் முத்துவே கொடுத்த சிடி. மேலே அவன் கையெழுத்தில் வீணாவின் பெயர். ஐந்து வருஷமாக அதே அலமாரியில் இருந்திருக்கிறது, இரண்டு பாகத்தோடும்.

பக்கத்தில் மைக்கேல்ராஜ் போட்ட விண்டோஸ் சிடி கிடந்தது. காப்பி அடித்தது, மேலே மார்க்கரில் கிறுக்கியிருந்தது. திருட்டு சிடி என்று சொல்ல முத்து வாயெடுத்தான். வீணாவைப் பார்த்ததும் வரவில்லை.

அவள் அவனைப் பார்த்துவிட்டு, திரையின் பக்கம் திரும்பி, நிதானமாக ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"இது. முன்னாடி. ஏன். இல்ல."

அசோகன் முத்துவைப் பார்த்தார், முத்து திரையைப் பார்த்தான். காதில் விழவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி அழுத்தினாள். "இது. முன்னாடி. ஏன். இல்ல." உஷா படித்தபடியே, கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒரே சீர்.

"ஏய், சாரை அப்டிலாம் கேக்கக் கூடாது," என்றார் அசோகன்.

"கேக்கட்டும்ணா," என்றான் முத்து. தரையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்டவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நல்லதென்று நினைத்தேன், வைரஸ் வராது, திருட்டு கூடாது, எத்தனையோ சொல்லலாம், எல்லாம் பாதி உண்மை. காதில் சீழோடு அவள் கிடந்த ஆறு நாளும் இப்போது அவன் கண் முன்னால் நின்றன. அவன் நோட்டில் நாட்களின் கணக்கு இருந்தது, அந்த நாட்களில் அவள் சொல்ல முடியாமல் போனவற்றின் கணக்கு அவளிடம்தான் இருந்தது.

"எனக்கு அதுதாம்மா தெரியும்," என்றான். "அதனால போட்டேன்."

வீணா அவனைப் பார்த்தாள். மன்னித்தாளா என்று முகத்தில் தெரியவில்லை, அவள் முகம் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு திரும்பிக்கொண்டு, அப்பாவிடம் வேறு எதையோ கேட்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. முத்து காபியைக் குடித்துவிட்டு, பையில் இருந்த இரண்டு சிடியையும் எடுக்காமலேயே கிளம்பினான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மைக்கேல்ராஜ் கடையில் கூட்டம். முத்து எதிர்ப்பக்கமாகவே நடந்து போனான்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் படியேறும்போது உஷா போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"முத்து, ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

அவன் அங்கேயே நின்றுவிட்டான். தினம் கேட்கிற குரல்தான். பிறகு "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தன் மிஷினை ஆன் பண்ணி, முதல் கட்டத்திலிருந்து அழுத்த ஆரம்பித்தான். எல்லாம் பேசிற்று. 'ஏன்' வந்தபோது வால்யூமைக் குறைத்துக்கொண்டு டிக் அடித்தான்.